வாய் அங்கே, சத்தம் இங்கே

உங்கள் வீட்டுக்காரருக்கும் வீடியோ கால்தானா அக்கா? செல்வராணி சிஸ்டர் உங்களிடம் செல்போனைக் காட்டிக் காட்டிப் பாடம் நடத்தும்போதே நினைத்தேன். "பச்சைய அமுக்குங்கம்மா, அப்புறம் இந்தக் கேமரா படத்த அமுக்குங்கம்மா, செவப்ப மட்டும் தொட்டுராதீங்கம்மா." எப்படி? அவர்களே பேசுகிற மாதிரி இல்லை? ஒவ்வொரு 'ம்மா'வுக்கும் மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார்கள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இனிமேல் அது மட்டும்தான் காதில் விழும்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனபிறகு டாக்டரிடம் வீடியோ காலில் பேசுவது எப்படி என்பதில், இந்த வராந்தாவில் என்னைவிட அனுபவசாலி கிடையாது. அனுபவம் கூடிப்போனதால்தான் வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மா அந்தப் பச்சைக் கதவுக்குள்ளே இருக்கிறாள். "வினோதா வெளிய இருக்கட்டும், வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். உதவி செய்த பெண்ணுக்கு இதுதான் மரியாதை. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்களுக்கு நாகப்பட்டினம் பக்கம் அக்கா, கடற்கரை ஊர். அப்பா விசைப்படகில் தங்கல் போகிறவர், போனால் வாரக்கணக்கில் கடலில்தான். அம்மா செங்கமலம், கரையில் மீன் ஏலம் போடுகிறவள். படகிலிருந்து கூடை இறங்கியதும் வியாபாரிகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு விலையைக் கூவிக் கூவி ஏற்றுவாள். மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. அம்மா ஏலத்தில் நின்றால் காக்கா கூடைப்பக்கம் இறங்காது. அந்தச் சத்தம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் நான் பெஞ்சுக்கு அடியில் எடுத்துவிட்டால் கணக்கு சாரே சாக்பீஸைக் கீழே போட்டுவிடுவார்.

ஆமாம், அதுதான் என் தொழில். யார் குரலானாலும் சரி. ஒரு நாள் வராந்தாவில் நின்று ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், "டென்த் பி, எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்க" என்றேன். டென்த் ஏயும் சேர்ந்து போய்விட்டது. அரைமணி நேரம் வெயிலில் நின்றார்கள், வரிசையாக. ஹெட்மிஸ்ட்ரஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "யார் இவங்கள வரச் சொன்னது?" என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே குரலில், "நீங்கதான் மிஸ்!" அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். அம்மா கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டில் கேன்சர் என்றார்கள். இந்த டாக்டரம்மாதான், "பயப்படாதீங்க செங்கமலம், இது நல்ல மாதிரி கேன்சர்" என்றார்கள். அம்மா உடனே, "மீன்ல இருக்குற மாதிரி இதுலயும் ரகம் இருக்கா டாக்டர்?" என்று கேட்டாள். அப்போது அம்மாவுக்குக் குரல் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போய்விட்டது. கூடவே சத்தமும் போய்விட்டது. வாயைத் திறந்தால் சைக்கிள் டியூப்பில் காற்று இறங்குகிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்'. தையல் பிரிக்க வந்தபோது டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார்கள்: "குரலுக்குப் போற நரம்பு அங்கதான் ஓடுது. கொஞ்ச நாளைக்குச் சோர்ந்து கெடக்கும், நெறையப் பேருக்கு அதுவாத் திரும்பிரும். ஆனா திரும்புதா இல்லையான்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கணும். தண்ணி குடிச்சாப் புரையேறுதான்னும் எனக்குத் தெரியணும். திரும்பலன்னா வைத்தியம் இருக்கு, அதைக் காலத்தோட செய்யணும். ரெண்டு பஸ் மாறி அலைய வேணாம், வீடியோ கால்ல வாங்க. பேசிக் காட்டுங்க, போதும்."

அம்மாவுக்குப் பஸ் என்றாலே திருவாரூர் தாண்டுவதற்குள் வாந்தி. வீடியோ கால் என்றதும் தலையைத் தலையை ஆட்டினாள்.

முதல் காலுக்கு நான்தான் ஏற்பாடு. முக்காலியில் அரிசி டின், டின்னில் சாய்த்துப் போன். போனுக்கு முன்னால் அம்மா, பின்னால் நான். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழுந்தால் உங்கள் வீட்டுக்காரர் திருடன் மாதிரித் தெரிவார். முதலில் செல்வராணி சிஸ்டர் வந்தார்கள். "நெத்தி மட்டும் தெரியுதும்மா. எறக்குங்கம்மா. இப்ப தாடை மட்டும் தெரியுதும்மா. சரி, பேர் சொல்லுங்கம்மா."

அம்மா வாயைத் திறந்தாள். ஸ்ஸ்ஸ்.

"கேக்கலம்மா. சத்தமாச் சொல்லுங்கம்மா."

ஸ்ஸ்ஸ்.

எனக்கு நாக்கு அரித்தது அக்கா. எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! போனுக்குப் பின்னாலிருந்து, அம்மாவின் ஏலச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கி, "செங்கமலம்! கேக்குதா சிஸ்டர்?" என்றேன்.

"ஆங், இப்ப கணீர்னு கேக்குதும்மா!"

சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் முக்காலிக்கு அடியில் அம்மாவின் கால் வந்து என் முழங்காலில் ஒரு உதை. நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். போனில் டாக்டரம்மாவின் முகம் வந்தது. "செங்கமலம், எப்படி இருக்கீங்க?" அம்மா போனுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். வாயை மெல்லத் திறந்தாள். திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

திறந்த வாயைச் சும்மா விடலாமா? "நல்லாருக்கேன் டாக்டர்!" என்றேன்.

"அடேயப்பா! கொரல் வந்துருச்சே!" டாக்டரம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். "எங்க, 'ஈ'ன்னு நீளமா இழுங்க பார்ப்போம்." இழுத்தேன் பாருங்கள் ஒரு 'ஈ', பக்கத்து வீட்டு நாய் எழுந்து வந்தது. ஆனால் அம்மா வாயை 'ஆ'வென்று திறந்து வைத்திருக்கிறாள். 'ஈ' என்றால் பல் தெரிய வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. டாக்டரம்மா கண்ணைச் சுருக்கினார்கள். "வாயும் சத்தமும் பொருந்தலையே?"

"நெட்வொர்க் டாக்டர்" என்றேன், அம்மா குரலில்.

"ஆமாமா, காலையிலேர்ந்து இங்கயும் அப்படித்தான் இருக்கு."

பார்த்தீர்களா? வீடியோ காலில் வாய் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் போவதை உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது. நேரில் யாராவது விடுவார்களா?

கால் முடிந்ததும், "ஏம்மா?" என்று கேட்டேன். அம்மா என் காதுக்குப் பக்கத்தில் வந்து காற்றாகச் சொன்னாள். "வரலன்னு தெரிஞ்சாத் திரும்பக் கழுத்தத் தெறப்பாங்க புள்ள. ரெண்டு வாரம் போவட்டும். அதுவா வந்துரும். வந்தப்புறம் நானே பேசிக்கிறேன்." பயந்துபோய்ச் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. உயிரோடு துடிக்கிற திருக்கை மீனின் முள் வாலைக் காலால் மிதித்துக்கொண்டு விலை பேசுகிறவள். சும்மா ஒரு சோம்பல், அவ்வளவுதான்.

அடுத்த காலுக்குள் ஒத்திகை வைத்தேன். அம்மா மகா மோசம். நான் பேசி முடித்தபிறகு வாயசைப்பாள். இல்லாவிட்டால் கரையில் போட்ட கெளுத்தி மாதிரித் திறந்து திறந்து மூடுவாள். கடைசியில், "நீ வெத்தல மெல்லுற மாதிரி மென்னுக்கிட்டே இரும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலும் அமோகம். "தண்ணி குடிச்சாப் புரையேறுதா செங்கமலம்?" "சேச்சே, கொடம் கொடமாக் குடிக்கிறேன் டாக்டர்." "வெரல் மரத்துப்போவுதா?" "மரத்துப்போனா ஏலத்துல எப்படி டாக்டர் கை நீட்டுறது?" டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொல்லப்போனால் அம்மாவே அவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டாள்.

உண்மையில் அம்மா அப்போது தண்ணீரைக் குடம் குடமாகவெல்லாம் குடிக்கவில்லை. டீயை ஸ்பூனில் எடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒவ்வொரு சொட்டாக உறிஞ்ச ஆரம்பித்திருந்தாள். தொண்டை அறுவை முடிந்ததும் நாகரிகம் வந்துவிட்டது என்று கேலி செய்தேன். "மேடம், பிஸ்கட்டுக்கு முள்கரண்டி கொண்டுவரவா?" அடிக்க ஸ்பூனை ஓங்கினாள். குழம்பை விட்டுவிட்டாள், ரசத்தை விட்டுவிட்டாள், கெட்டிச் சோறுதான். ருசி மாறிவிட்டது போல.

ஒரு தடவை ருசி கண்டபிறகு தொழில் தானாக வளராதா? பால்காரரிடம் நான்தான் அம்மா. கியாஸ் கம்பெனிக்கு நான்தான் அம்மா. பூமாதேவி அத்தை இருக்கிறாள், அம்மாவுக்குப் பதில் இப்போது ஏலம் போடுகிறவள். அவள் ஒரு நாள் வாசலுக்கு வந்து, "என்னா மயினி, கொரல் வந்துருச்சா? வராட்டிக் கவலப்படாதீங்க, கரைய நானே பாத்துக்கிறேன்" என்றாள். கரையை இவள் பார்த்துக்கொள்வாளாம்! கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டேன்: "ஏண்டி பூமா, சங்கரா மீனையும் காரப்பொடி மீனையும் ஒரே கூடையில கொட்டி வித்தியாமே? ஏலம் போடுறியா, கொழம்பு வைக்கிறியா?" அத்தை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்!

அம்மா சுவரில் சாய்ந்து சிரித்தாள். சத்தம் வராதே, தோள் மட்டும் குலுங்கியது. நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது. கால்சியம் குறைந்தால் விரல் மரக்கும், உதடு மரக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். கண்ணீரும் வருமா அக்கா? அதைக் கேட்க மறந்துவிட்டேன். மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பா கூப்பிட்டபோதுதான் கொஞ்சம் மாட்டிக்கொண்டேன். படகு சிக்னல் கிடைக்கிற தூரத்துக்கு வந்ததும் போன் அடிப்பார். "செங்கு, எப்படி இருக்க?" "நல்லாருக்கேங்க." "ஒன் சத்தத்தக் கேக்காம சோறு எறங்கல செங்கு" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் நான் கேட்கலாமா? அது பாவமில்லையா? போனை அம்மா காதில் வைத்துவிட்டேன். அப்பா பேசிக்கொண்டே போனார். அம்மா 'ம்' கொட்டவில்லை. கொட்டத்தான் முடியாதே. நான் குனிந்து நடுநடுவில் 'ம்', 'ம்' என்று போட்டேன். அம்மா என்னை ஒரு தள்ளுத் தள்ளினாள். போனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். உதவி செய்கிறவளைத் தள்ளுகிற வழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இப்போது போன வாரம் நடந்த கால். இதுதான் வழக்கின் மையம். நன்றாகக் கேளுங்கள்.

எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா, "கொரல் இவ்வளவு நல்லா வந்துருச்சு, இனிமே நீங்க மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றே சொல்லிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாதான் என்னவோ சந்தோஷப்படாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம், "கடைசியா ஒண்ணு. ஒரு டம்ளர் தண்ணி எடுத்து, எனக்கு முன்னாடிக் குடிச்சுக் காட்டிருங்க" என்றார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? சத்தம்தான் என் இலாகா, தொண்டை அம்மாவுடையது. டம்ளரை நீட்டினேன். அம்மா வாங்கினாள். வாயில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்கள். "ஆமா, ஒங்க பொண்ணு ஒண்ணு கூட வந்தாளே, துறுதுறுன்னு, அவ எப்படி இருக்கா?"

என்னைப் பற்றி அக்கா! என்னைப் பற்றியே கேட்டால் எப்படிச் சும்மா இருப்பது? "அவளுக்கென்ன டாக்டர், தங்கமான புள்ள! பிளஸ் ஒன் படிக்கிறா. அவ இல்லன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

டம்ளர் அம்மா வாயில் இருக்கிறது.

டாக்டரம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "செங்கமலம், தண்ணி வாயில இருக்கும்போதே இவ்வளவு தெளிவாப் பேசுறீங்களே?" என்றார்கள்.

"நெட்வொர்க் டாக்டர்" என்றேன். டம்ளர் இன்னும் வாயில்தான் இருக்கிறது.

சிரிப்பு வந்ததோ, தண்ணீர் தடம் மாறியதோ, அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. சாதாரணமாகப் புரையேறினால் வீடே அதிர இருமுவார்கள் இல்லையா? அம்மாவின் இருமலுக்கும் சத்தம் இல்லை. முகம் சிவக்கிறது, நெஞ்சு எழும்பி எழும்பி விழுகிறது, கையால் காற்றைப் பிடிக்கிறாள், ஒரு சத்தமும் இல்லை. டிவியை ம்யூட்டில் போட்ட மாதிரி. முக்காலியைத் தட்டிவிட்டு ஓடிப் போய் முதுகில் தட்டினேன். "அம்மா, அம்மா" என்று கத்தினேனாம். யார் குரலில் கத்தினேன் என்று தெரியவில்லை. போன் தரையில் கிடந்து எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள்ளிருந்து டாக்டரம்மா, "முன்னாடிக் குனிய வை! குனிய வை! தண்ணி குடுக்காத!" என்று உத்தரவு போடுகிறார்கள்.

மூச்சு சரியானபிறகு போனை எடுத்து நிமிர்த்தினேன். டாக்டரம்மா திட்டவில்லை. "ஒன் பேரு என்ன?" என்றார்கள். சொன்னேன். "எத்தன கால் நீ பேசின?" "எல்லாம் நான்தான் டாக்டர்." கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "நீ அவ்வளவு நல்லாப் பேசினதால, ஒங்கம்மா கொணமாயிட்டாங்கன்னு நான் நம்பிட்டேன் வினோதா" என்றார்கள். கேட்டீர்களா அக்கா? அவ்வளவு நல்லாப் பேசினதால! பெரிய படிப்புப் படித்தவர்கள், அவர்கள் வாயாலேயே. ஆனால் சொல்லும்போது முகத்தில் பாராட்டுகிற களையே இல்லை. அந்த முகத்தை மட்டும் எனக்குச் செய்ய வரவில்லை, கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டேன்.

அம்மாவிடம் மட்டும், "நேர்ல வாங்க. கழுத்தத் தெறக்கிறதப் பத்தி யாரும் பேசல. மொதல்ல பார்ப்போம்" என்றார்கள். அதனால்தான் இன்றைக்கு வந்தோம். திருவாரூரில் வாந்தி. அதுவும் சத்தமில்லாமல்.

உள்ளே போனதும் டாக்டரம்மா, "எப்படி இருக்கு செங்கமலம்?" என்றார்கள். அம்மா பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், வெளியே அனுப்பிவிட்டார்கள். சொல்லுங்கள் அக்கா, இது நியாயமா? அம்மாவுக்குக் காற்றுதான் வரும். கேட்கிறதற்கு யார் பதில் சொல்வார்கள்? செல்வராணி சிஸ்டரா? மூக்கை உறிஞ்சவே அவர்களுக்கு நேரம் போதாது.

இருங்கள், இருங்கள். அந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை. இப்படி என் பக்கம் நகர்ந்து வாருங்கள், கேட்கும். டாக்டரம்மாதான். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தாயிற்றாம்... குரல் நாண் ஒரு பக்கம் அசைகிறதாம், ஒரு பக்கம் அசையவில்லையாம்... "கழுத்துல கத்தி வைக்க வேணாம். அந்தப் பக்கத்துக்கு ஒரு ஊசி போட்டுக் கொஞ்சம் நடுவுக்குக் கொண்டாரலாம். தண்ணி எறங்கும், சத்தமும் கூடும். அப்புறம் பயிற்சி, தெனம் நீங்க வாயத் தெறந்து சத்தம் போடணும். ஒங்க சத்தம், ஒங்க பொண்ணு சத்தம் இல்ல. பழையபடி முழுசா வருமான்னு இப்ப சொல்ல மாட்டேன். கூடுதலா வரும், அது உறுதி. ஆனா அதுக்கு முன்னாடி நீங்க எனக்கு உண்மையச் சொல்லணும். தண்ணி குடிச்சா என்ன ஆவுது?"

பேச்சைக் காணோம்.

கேட்டீர்களா, நான் சொன்னேனே. பதில் என் நாக்கு நுனியில் இருக்கிறது அக்கா, அம்மா குரலில், சுடச்சுட. இங்கிருந்தே போட்டால்கூட உள்ளே விழும். என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்களேன். இன்னும் கொஞ்சம் இறுக்கி.

"...ஏறுது."

"கேக்கல செங்கமலம்."

"பொரை... ஏறுது டாக்டர். ஒவ்வொரு வாயும்."

என்ன குரல் இது, படகு மணலில் இழுபடுகிற மாதிரி.

"சரி. வேற?"

"பயமா இருக்கு டாக்டர்."

"ம். இப்ப நல்லாக் கேக்குது. எதுக்குப் பயம்? சொல்லுங்க."

"எல்லாத்துக்கும். மொத நாள்லேர்ந்து..."

ஏன் அக்கா என்னைப் பார்க்கிறீர்கள்? எதிர் பெஞ்சில் இருக்கிற அந்தப் பெரியவரும் பார்க்கிறார். நான் இல்லை அக்கா. சத்தியமாக நான் இல்லை. அது எங்கள் அம்மா. உஸ்ஸ், சத்தம் போடாதீர்கள். இன்னும் பேசுகிறாள்.